எழுத்தின் அளவு

பெரம்பலூர்
10 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நர்மதா எழுதுகிறேன். நானும் அவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? அண்ணிக்கு இருமல் நின்றதா?

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் இரண்டு பேரும் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடிகிறது. தீபாவளிக்கு வந்தவர்கள் முன்னால் நாம் கத்தின கத்தலில் அம்மா, "இனிமே இந்த வூட்டுல கம்ப்யூட்டர் பேச்சு எடுத்தா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டது. மெயிலில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

எங்கள் கல்லூரி லேபில் எல்லா மெஷினிலும் லூமா டெஸ்க்டாப் இருக்கிறது. அதை உருவாக்குகிறவர்களில் நானும் ஒருத்தி என்பதால் நானே போட்டது. ஆனால் மெயில் படிக்கவும், பிள்ளைகள் புரோகிராம் எழுதவும் அதற்குப் போட்டியான சிடார் டெஸ்க்டாப்பின் ஆட்கள், உங்கள் ஆட்கள், செய்த மென்பொருள்கள்தான் நன்றாக இருக்கின்றன. ஒப்புக்கொள்கிறேன், போதுமா? இரண்டுமே இலவசம். இரண்டையும் உலகம் முழுக்க நம்மைப் போன்றவர்கள் சம்பளம் இல்லாமல்தான் செய்கிறார்கள். இருந்தும் லூமாவில் நான் எழுத்தைப் பெரிதாக்கினால் சிடார் மென்பொருளுக்கு அது தெரிவதில்லை. அது சிடாரின் செட்டிங்கை மட்டும் பார்க்கிறது, லூமாவில் இருந்துகொண்டு அந்தச் செட்டிங்கை மாற்றவும் வழியில்லை. ஒரே திரையில் ஒரு ஜன்னலில் எழுத்து பெரிதாக இருக்கிறது, பக்கத்து ஜன்னலில் எறும்பு ஊர்கிறது.

இங்கே ஒருவருக்குப் பெரிய எழுத்தும் கறுப்புப் பின்னணியும் கட்டாயம் வேண்டும். மென்பொருள் யாருடையதாக இருந்தாலும், இவருக்கு என்ன அளவு வேண்டும் என்று ஒரே இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரி ஒரு பொது ஏற்பாடு வேண்டும். சிடாரில் செட்டிங் பகுதியைக் கவனிப்பது நீ. நீ சரி என்றால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

அம்மாவை மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்.

உன் தங்கை,
நர்மதா


ஜெயங்கொண்டம்
14 நவம்பர் 2024

அன்புத் தங்கை நர்மதாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் அண்ணிக்கு இருமல் நின்றுவிட்டது. அம்மா மாத்திரை போடுகிறது, நான் எதிரில் உட்கார்ந்தால் மட்டும். முந்திரித் தோப்பில் ஒரே சேறு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் யோசனையைப் படித்தேன். முடியாது. நீங்கள் எழுத்தின் அளவை 'ஒன்றரை மடங்கு' என்று வைக்கிறீர்கள். நாங்கள் அச்சு எழுத்துக் கணக்கில் 'பதினாறு புள்ளி' என்று வைக்கிறோம். இரண்டையும் ஒரே இடத்தில் கொட்டினால் எது சரி? நான் சிடாரில் ஒன்றை மாற்றி, அதே நேரத்தில் லூமாவும் அதை மாற்றினால் யார் சொன்னது நிற்கும்? எங்கள் செட்டிங்கில் உங்கள் ஆட்கள் கை வைப்பதை இங்கே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நானும்தான்.

ஒரே ஒருவருக்காக இரண்டு டெஸ்க்டாப்பையும் உடைத்துக் கட்ட வேண்டுமா? அவருக்கு சிடாரையே முழுசாகப் போட்டுக் கொடு. லூமாவை விட்டு ஒரு ஆள் குறைந்தால் உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
பூவரசன்


பெரம்பலூர்
25 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நலம். அங்கு எல்லோரும் நலம்தானே?

அவருக்கு சிடாரையே போட்டுக் கொடுத்தால், அவர் லூமாவின் மென்பொருள் ஒன்றைத் திறக்கும்போது அதே கதைதான். ஆளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிடுவதற்கு ஏற்பாடு என்று பெயரா?

உன் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. யோசித்தேன். பொது இடத்தில் யாரும் எதையும் எழுத வேண்டாம். கேட்க மட்டும் செய்யலாம். எந்த டெஸ்க்டாப் அப்போது ஓடுகிறதோ, அதுதான் பதில் சொல்லும். லூமா தன் செட்டிங்கைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும், சிடாரும் அப்படியே. கேள்வி கேட்கிற வார்த்தையும் பதில் சொல்கிற வார்த்தையும் மட்டும் பொதுவாக இருந்தால் போதும். யாரும் யார் மேலும் கை வைக்கவில்லை. அளவுக்கு 'சாதாரணத்தை விட எத்தனை மடங்கு' என்பதே பொது வார்த்தை. உங்கள் புள்ளிக் கணக்கை நீங்களே மாற்றிச் சொல்லிவிடலாம். ஒரு வகுத்தல்தானே?

அடுத்த காரணம் என்ன சொல்லப்போகிறாய்?

நர்மதா


ஜெயங்கொண்டம்
3 டிசம்பர் 2024

அன்புள்ள நர்மதாவுக்கு,

இங்கு நலம். புயல் மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, அதனால்தான் தாமதம்.

'கேட்க மட்டும்' என்பது நல்ல யோசனை. நான் யோசித்திருக்க வேண்டியது. ஆனாலும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

காரணம் கணக்கு இல்லை. நீ லூமாவில் சேர்வதற்கு முன்னால், மெனுவில் வரும் சின்னச் சின்னப் படங்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே பெயர் வைப்போம் என்று ஒரு ஏற்பாடு நடந்தது. உங்கள் ஆட்கள் தலையை ஆட்டினார்கள். அதை நம்பி எங்கள் பக்கத்து வேலை முழுவதையும் நான் ஒருத்தன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு, "எங்களுக்கு இது தோதுப்படாது" என்று ஒரே வரியில் விலகிக்கொண்டார்கள். நான் செய்ததை நானே அழித்தேன். உன்மேல் கோபமில்லை. ஆனால் அவர்களுக்காக இன்னொரு தடவை முன்னால் போய் நிற்க மாட்டேன்.

முதலில் லூமா செய்யட்டும். பொதுவில், பெயர் போட்டு, செய்கிறோம் என்று சொல்லட்டும். அதற்குப் பிறகு என்னிடம் வா.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. அம்மா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டது.

பூவரசன்


பெரம்பலூர்
20 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். பொங்கலுக்கு வர முடியவில்லை. காலேஜில் வேளை அதிகம். அம்மாவிடம் சொல்லிவிடு.

லூமா ஒப்புக்கொண்டுவிட்டது. பொதுவில், பெயர் போட்டு. லிங்க் அனுப்பியிருக்கிறேன், பார்.

சுளுவாக நடக்கவில்லை. "எதிர்க்கடைக்கு நாம் ஏன் வாசல் கூட்ட வேண்டும்?" என்று ஒருவர் எழுதினார். நம் வாசலில் தடுக்கி விழுகிறவர் எந்தக் கடைக்குப் போகிறார் என்று பார்த்தா கை கொடுப்போம் என்று நான் எழுதினேன். அவர் பதிலுக்கு எழுத, நான் திரும்ப எழுத, டிசம்பர் முழுக்க அப்படியே போனது. கடைசியில் செய்வதாகச் சொன்னார்கள். நிபந்தனை ஒன்று. சிடாரும் செய்ய வேண்டும்.

இப்போது பந்து உன் கையில்.

நர்மதா


ஜெயங்கொண்டம்
23 ஜனவரி 2025

அன்புள்ள நர்மதாவுக்கு,

லிங்கைப் படித்தேன். நீ அவர்களோடு மல்லுக்கட்டியதையும் படித்தேன். அவர்கள் இவ்வளவு தூரம் இறங்கி வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏற்பாட்டை முழுசாக எழுதி அனுப்பு. பார்க்கிறேன். பார்க்கிறேன் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

இப்போது வேறு விஷயம். பொங்கலன்று பானை பொங்குகிற வரைக்கும் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. "பாப்பா இல்லாம பொங்க வச்சது இதான் மொதத் தடவ. என்னமோ இருக்குடா, போயிப் பாரு" என்றது. நான் வேலைதான் காரணம் என்று சமாளித்தேன்.

ஆனால் உன் கடிதத்தில் 'வேலை'யை 'வேளை' என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் என் லகர ளகரத்தைத் திருத்தி என்னை அழவைத்தவள் நீ. உடம்பு சரியில்லையா? மாப்பிள்ளையோடு ஏதாவது மனத்தாங்கலா? எதுவானாலும் சொல்.

எதிர்பார்த்திருக்கும்,
அண்ணன்


ஜெயங்கொண்டம்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள நர்மதாவுக்கு,

என் தை மாதக் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. பிப்ரவரியில் ஏற்பாட்டின் வரைவு மட்டும் வந்தது. கூட ஒரு வரி கிடையாது. கோபம் என்று நினைத்துக்கொண்டு நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

நேற்று பங்குனி உத்திரத்துக்கு உன் அண்ணியோடு செட்டிகுளம் மலைக்கு வந்தோம். திரும்பும்போது சொல்லாமல் கொள்ளாமல் உன் வீட்டுக்கு வந்தோம். நீ பரீட்சை டியூட்டிக்குப் போயிருந்தாய். மாப்பிள்ளை காபி போட்டுக் கொடுத்தார். என் போனில் சார்ஜ் இல்லை, ஆபீசுக்கு ஒரு தகவல் சொல்ல வேண்டும் என்று உன் மேஜைக்குப் போனேன்.

திரையில் ஒவ்வொரு எழுத்தும் நாலு விரல் உயரம் இருந்தது. நடுவில் எங்கள் சிடார் மெயில் ஜன்னல். அதில் மட்டும் எறும்பு எழுத்து. என் தை மாதக் கடிதம்தான் திறந்து கிடந்தது. கீபோர்டுக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி. உன் அண்ணி மலர்கொடி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, இது யாருக்கு?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை பரணிதரன் கண்ணாடியை வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்தார். "யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா மச்சான். இப்ப நீங்களே பாத்துட்டீங்க. நான் என்ன சொல்றது?" என்றார்.

இங்கே ஒருவருக்கு என்று எழுதினாயே. அந்த ஒருவர் நீதானா பாப்பா? 'ஒரு ஆள் குறைந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது' என்று நான் எழுதியதையும் அந்தக் கண்ணாடியை வைத்துக்கொண்டுதான் படித்தாயா?

வீட்டுக்கு வந்ததும் உன் வரைவைச் சிடார் ஏற்றுக்கொள்கிறது என்று எங்கள் பக்கத்தில் எழுதிவிட்டேன். இனி உனக்கு எந்தத் தடையும் இல்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

டாக்டர் என்ன சொல்கிறார்? மறைக்காமல் எழுது.

பூவரசன்


பெரம்பலூர்
14 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள் எல்லோருக்கும்.

திருச்சியில் பார்க்கிறேன். இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது. நேராகப் பார்த்தால் ஒரு புகைமூட்டம், ஓரத்தில் தெளிவு. உன் முகம் தெரியாது, தோள் தெரியும். போன வருஷம் ஆடியிலேயே தெரிந்துவிட்டது. திரும்பச் சரியாகாது. முழு இருட்டும் ஆகாது என்று டாக்டர் சொல்கிறார். எழுத்து பெரிதாக இருந்தால் என்னால் எல்லா வேலையும் செய்ய முடியும். ஏன் சொல்லவில்லை என்றால், காலேஜில் தெரிந்தால் முதலில் லேபை விட்டு என்னை எடுப்பார்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் ஊருக்கு வா என்று கூப்பிடும்.

இப்போது என் கோபத்தைக் கேள். நீ ஏற்றுக்கொண்டது தப்பு. நேற்று வரைக்கும் அந்த வரைவை நீ சரியாகப் படிக்கவே இல்லை. ஒரு பூதக்கண்ணாடியைப் பார்த்துவிட்டு சரி என்று எழுதிவிட்டாய். தங்கச்சி பாவம் என்று சேர்த்ததை, நாளைக்கு உன் இடத்துக்கு வருகிறவன் ஒரு நிமிஷத்தில் தூக்கி எறிவான். அவனுக்கு நான் தங்கச்சி இல்லை. அவன் எறிய முடியாத மாதிரி இருக்க வேண்டும் அது.

எழுதியதை வாபஸ் வாங்கு. பொதுவில் வாங்கு. அப்புறம் உட்கார்ந்து, லூமாவிலிருந்து வந்த முன்பின் தெரியாத ஆள் எழுதியதாக நினைத்துப் படி. ஓட்டை இருந்தால் சொல். எனக்கு அண்ணன் வீட்டில் வேண்டும். சிடாரில் வேண்டாம்.

நர்மதா


ஜெயங்கொண்டம்
29 ஏப்ரல் 2025

அன்புள்ள நர்மதாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை. மலர்கொடி தினமும் உனக்குப் போன் செய்கிறாள், எனக்கு எல்லாம் தெரியும்.

வாபஸ் வாங்கிவிட்டேன். 'அவசரப்பட்டு ஏற்றுக்கொண்டேன், மன்னிக்கவும்' என்று என் பெயரிலேயே போட்டேன். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். பரவாயில்லை.

வரைவைப் படித்தேன். நீ கேட்டபடியே சொல்கிறேன், இது தேறாது. மெஷின் கிளம்பும்போது டெஸ்க்டாப் எழுந்து உட்காருவதற்கு முன்னால் ஒரு மென்பொருள் ஓடிவந்து கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? நான் ஓட்டிப் பார்த்தேன். பதிலுக்குக் காத்துக்கொண்டு அது அப்படியே உறைந்து நிற்கிறது. இதுவரை செட்டிங் தெரியாவிட்டாலும் மென்பொருள் திறக்கவாவது செய்தது, உன் ஏற்பாட்டில் திறக்கவே மாட்டேன் என்கிறது. இருந்ததை விட மோசம்.

இன்னொன்று. ஜன்னல் திறந்திருக்கும்போதே ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கினால் அந்த ஜன்னலுக்கு யார் சொல்வது? மூடித் திறக்க வேண்டுமாம். வேலையை நடுவில் விட்டுவிட்டு மூடித் திறக்கச் சொல்வாயா? கறுப்புப் பின்னணிக்கு நீ வைத்த வார்த்தையும் குழப்பம். 'இருட்டு' என்றால் அழகுக்குக் கேட்கிறவரா, கண்ணுக்குத் தேவைப்பட்டுக் கேட்கிறவரா? இரண்டையும் பிரித்து வை.

இதை எழுதும்போது எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தையையும் குறைக்கவில்லை.

பூவரசன்


பெரம்பலூர்
15 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், வெயில் மட்டும் தாங்கவில்லை. நீ சொன்ன முதல் ஓட்டையைப் படித்தபோது உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது. மறுநாள் ஓட்டிப் பார்த்தேன். நீ சொன்னது சரி.

இப்போது பதில் வராவிட்டால் மென்பொருள் காத்திருக்காது. தனக்குத் தெரிந்த அளவில் திறந்துகொள்ளும். பிறகு டெஸ்க்டாப் எழுந்ததும் அதுவே குரல் கொடுக்கும், ஜன்னல்கள் அந்த நொடியே மாறிக்கொள்ளும். மூடித் திறக்க வேண்டாம். இருட்டையும் பிரித்தாயிற்று. இந்த ஒரு பகுதியை மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அழித்து, நான்காவது நின்றது. லூமாவில் 'எதிர்க்கடை' என்று எழுதினாரே, அவர்தான் கூட இருந்து சோதித்துக் கொடுத்தார். புது வரைவை அனுப்பியிருக்கிறேன். பழைய மாதிரியே படி.

அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். போன வாரம் நேரில் வந்தபோது நீ தோப்பில் இருந்தாய். அம்மா அழவில்லை. என் முகத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பியது. "எங்கேர்ந்து பாத்தா என்னைத் தெரியுது?" என்று கேட்டது. கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தால் தெரியும் என்றேன். உடனே எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ஊருக்கு வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் அம்மாவைத் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

அந்தத் தெம்பில் காலேஜிலும் சொன்னேன். பிரின்சிபால் சிவசுப்பிரமணியன் சார் கெட்டவர் இல்லை. "லேப் உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? ஆபீஸ்ல உட்காருங்க, சம்பளம் அதேதான்" என்றார். நான் பாடம் நடத்த வந்தவள் சார் என்றேன். செப்டம்பர் வரைக்கும் தியரி வகுப்பு மட்டும், அதற்குப் பிறகு ஒரு லேப் வகுப்பை அவர் நேரில் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இதை உனக்குத் தெரிவிக்கத்தான் எழுதினேன். அவசரப்படுத்த இல்லை.

நர்மதா


ஜெயங்கொண்டம்
3 செப்டம்பர் 2025

அன்புள்ள நர்மதாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மா உனக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறது.

ஏற்பாடு சிடாரில் சேர்ந்துவிட்டது. நான் சேர்க்கவில்லை. எழுதியவர் என் தங்கை, அதனால் நான் முடிவு சொல்ல மாட்டேன் என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். மற்றவர்கள் இரண்டு மாதம் அதைப் பிய்த்துப் பார்த்தார்கள். ஒருவர் கடைசி வரைக்கும் வேண்டாம் என்றே நின்றார். மற்ற எல்லோரும் வேண்டும் என்றார்கள். அவர்களில் யாருக்கும் உன் கண்ணைப் பற்றித் தெரியாது. நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வெளியிடும் பதிப்பில் அது இருக்கும். உன் பெயரும் இருக்கும். எனக்கு இதில் ஒரு வரிகூடச் சொந்தமில்லை. ஆனாலும் காலையிலிருந்து தோப்பில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஒருவருக்கும் புரியவில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்,
பூவரசன்


பெரம்பலூர்
27 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அவரும் நலம். அம்மாவும் அண்ணியும் நீயும் நலமாக இருக்க வேண்டும். முறுக்கு வந்து சேர்ந்தது, தீர்ந்தும் போனது.

லேபில் எல்லா மெஷினிலும் லூமா, சிடார் இரண்டின் புதுப் பதிப்பையும் போட்டேன். என் மெஷினில் எழுத்தை ஒரே ஒரு தடவை பெரிதாக்கினேன். லூமா ஜன்னல்கள் மாறின. சிடார் எடிட்டரைத் திறந்தேன். அதுவும் அதே அளவில் வந்தது. உன் கடிதத்தைச் சிடார் மெயிலிலேயே திறந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, வேண்டுமென்றே மெதுவாகப் படித்தேன்.

நேற்றுதான் பிரின்சிபால் பார்த்த வகுப்பு. கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் புரோகிராமைப் பெரிய திரையில் போட்டு வரி வரியாக நடத்தினேன். நடுவில் ஒரு பெண், பெயர் அமிர்தவல்லி, நம் அம்மா பெயர்தான், "மிஸ், எனக்கு ஓட மாட்டேங்குது" என்றாள். அவள் மெஷினுக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே எழுத்து சின்னது. பெரிதாக்கினேன். அவள் திறந்து வைத்திருந்த ஜன்னல்கள் எல்லாம் என் கண் முன்னால் அப்படியே வளர்ந்தன. ஏழாவது வரியில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது. காட்டினேன். எழுந்து வரும்போது திரும்பச் சின்னதாக்கப் போனேன். அவள், "இருக்கட்டும் மிஸ், நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மணி அடித்ததும் சார் முன்னால் வந்தார். "இந்த செமஸ்டர் லேப் நீங்களே எடுங்கம்மா. அடுத்தது அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

"அடுத்ததும் நான்தான் சார்" என்றேன்.

அவர் சிரித்தாரா முறைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஓரத்தில் அவர் கை மட்டும்தான் தெரிந்தது. லேப் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

உன் அன்புத் தங்கை,
நர்மதா